பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி: கேள்வித்தாள் என் தலையில் விழுந்திருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

தேற்றம்

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதத் துறையில் இருக்கிறேன், சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐ ஒட்டி ஒவ்வொரு வருடமும் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் இருந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு போட்டி நடத்துவோம். இந்தத் தடவை துறைத்தலைவர் கேள்வித்தாளை என்னிடம் தள்ளிவிட்டார். "போன வருஷத் தாளையே கொஞ்சம் மாத்திப் போட்டுடும்மா" என்றார். அதைத்தான் செய்யப் பிடிக்கவில்லை.

போன வருடம் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். 50 கேள்வி, ஒரு மணி நேரம், நான்கு விடையில் சரியானதை வட்டமிட வேண்டும். பாதிக்கு மேல் பிளஸ் டூ புத்தகத்தின் ஒரு மதிப்பெண் கேள்விகள், எண்ணைக்கூட மாற்றவில்லை. அதை மனப்பாடம் செய்து வைத்திருந்த பிள்ளைகள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலிடத்தில் ஆறு பேர் ஒரே மதிப்பெண். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்தோம். கணிதப் போட்டியில் குலுக்கல்!

அதைவிட மோசம் ஒன்று. 37-வது கேள்வி: ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 செ.மீ., செங்கோண உச்சியில் இருந்து கர்ணத்துக்கு வரைந்த செங்குத்து 6 செ.மீ., பரப்பு என்ன? விடைக்குறிப்பில் 30. பாதி பெருக்கல் 10 பெருக்கல் 6, முடிந்தது. ஒரு அரசுப் பள்ளி மாணவி எதையும் வட்டமிடாமல், பக்கத்தில் பென்சிலால் "இப்படி ஒரு முக்கோணம் கிடையாது" என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள். நாங்கள் அதற்குச் சுழி போட்டோம். மூன்றாம் பரிசு அவளுக்கு ஒரு மதிப்பெண்ணில் போனது. அன்று இரவு வீட்டில் காம்பஸ் எடுத்து வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. கர்ணத்தை விட்டமாக வைத்து வட்டம் போட்டால் செங்கோண உச்சி அந்த வட்டத்தின் மேல்தான் இருக்க முடியும், ஆரம் 5, அப்புறம் உயரம் எப்படி 6 ஆகும்? மறுநாள் துறையில் சொன்னேன். ரிசல்ட் அறிவித்தாகிவிட்டது, விடும்மா என்றார்கள்.

எனவே இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும். 150 பேர் வருவார்கள், அன்றைக்கே திருத்தி அன்றைக்கே பரிசு கொடுக்க வேண்டும், திருத்த ஆறு பேர்தான் இருக்கிறோம். எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம், பாடத்திட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா? நடத்தியவர்கள், எழுதியவர்கள், பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

கரும்பலகை

மேடம், நான் அழைத்துக்கொண்டு வருகிற கட்சி. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். கேள்வித்தாளுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். டிசம்பர் 22 என்றால் அரையாண்டுத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும், அல்லது அப்போதுதான் முடிந்திருக்கும். லீவு விட்ட மறுநாள் எந்தப் பிள்ளை வரும்? தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, எனக்கு ஆன் டியூட்டி அனுமதி, இத்தனையும் வாங்கி எட்டுப் பேரைத் தேற்றினால் பஸ்ஸுக்கு நிற்கையில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை வைத்துப் பாருங்கள், இரண்டு மடங்கு வருவார்கள். பிப்ரவரி போனால் செய்முறைத் தேர்வு, யாரும் கிடைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பிளஸ் டூ பிள்ளைகளை விட்டுவிட்டு ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் என்று கூப்பிடுங்கள். பிளஸ் டூ பிள்ளை தலையில் பொதுத்தேர்வைத் தவிர வேறு எதுவும் ஏறாது. இது உங்கள் கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்று தெரியும், பிளஸ் டூ பிள்ளைதானே அடுத்த ஜூனில் சேரும்.

மூன்றாவது தமிழ். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிக்கு அழைத்துப்போனேன், பெயர் வேண்டாம். கேள்வித்தாள் இரு மொழியிலும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் மொழிபெயர்ப்பு. "சமன்பாட்டின் வேர்களைக் கண்டுபிடி" என்று இருக்கிறது. நம் புத்தகத்தில் மூலம் என்று படித்த பிள்ளை என்ன செய்யும்? ஒருத்தன் வெளியே வந்து "சார், மண்வெட்டி எடுத்துட்டு வரலையே" என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் வயிறு எரிந்தது. பகா எண், கெழு, முற்றொருமை, கூட்டுத் தொடர், எல்லாம் பாடநூலில் இருக்கிற சொல்லாகவே போடுங்கள். தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தமிழ் வழியில் பாடம் எடுக்கிற ஒரு ஆசிரியரிடம் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

மதியச் சாப்பாடு கொடுப்பீர்கள்தானே? மூன்று மணிக்குள் விட்டுவிடுங்கள். பரிசளிப்பு விழாவில் ஆறு பேர் பேசி ஐந்தரை மணி ஆக்கினால் கடைசி டவுன் பஸ் போய்விடும், அடுத்த வருடம் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

அந்தப் பெண் எந்தப் பள்ளி? இங்கே சொல்ல வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளிக்கு நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் மேடம்.

சும்மா_ஒருவன்

எல்லாம் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலை. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வரும்போது ஃபைலில் போட ஒரு போட்டோ. இதற்கு இவ்வளவு கவலையா?

பழைய_பேராசிரியர்

சும்மா ஒருவன் தம்பி சொல்வதில் பாதி உண்மை, ஆனால் எந்தக் காரணத்துக்காக ஹாலைத் திறந்துவிட்டாலும் உள்ளே உட்காருகிற பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம் அவனுடையதுதான். நான் 31 வருடம் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன், இந்த மாதிரிப் போட்டிகளுக்குத் தாள் எடுத்திருக்கிறேன், தப்பும் செய்திருக்கிறேன்.

தேற்றம் அம்மாவுக்கு முதலில் ஒரு ஆறுதல். உங்கள் 37-வது கேள்வி ரொம்பப் பழைய ஆள். ரஷ்யக் கணிதவியலாளர் அர்னால்ட் இதே 10, 6 கணக்கைத்தான் சொல்லிக் கேலி செய்வார். அமெரிக்கப் பிள்ளைகள் வருடக்கணக்கில் 30 என்று சரியாக விடை எழுதிக்கொண்டிருந்தார்களாம், மாஸ்கோவில் இருந்து வந்த பிள்ளைகளால் போட முடியவில்லையாம். எந்தக் கைடில் இருந்தோ உங்கள் தாளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வருடம் அதையே திரும்பக் கேளுங்கள், ஆனால் "இப்படி ஒரு முக்கோணம் ஏன் இருக்க முடியாது என்று காட்டுக" என்று கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணை அப்படியாவது போட்டது போல் இருக்கும்.

பாடத்திட்டம் பற்றி. உள்ளே, வெளியே என்று பார்க்காதீர்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கருவியை வைத்தே செய்யக்கூடியதாக இருக்கட்டும், ஆனால் எந்தக் கருவியை எடுப்பது என்று கேள்வி சொல்லக் கூடாது. நான் அடிக்கடி கொடுத்த ஒன்று: ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி, 73 அணிகள், தோற்றால் வெளியே. ஒற்றைப்படையாக வந்தால் ஒரு அணிக்கு ஆடாமலே அடுத்த சுற்று. மொத்தம் எத்தனை ஆட்டம்? பெரும்பாலானவர்கள் 36, அப்புறம் 37 அணி மிச்சம், 18 ஆட்டம், 19 மிச்சம் என்று இறங்குவார்கள். 36, 18, 9, 5, 2, 1, 1. கூட்டினால் 72. சரிதான். ஹாலில் எங்காவது ஒரு பிள்ளை பேனாவே எடுக்காமல் 72 என்று எழுதும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வீட்டுக்குப் போகிறது, 72 அணி வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். கூட்டிப் போட்ட பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் வெளியே வந்து பக்கத்து ஊர்ப் பிள்ளை எப்படிப் போட்டது என்று கேட்கும்போது அதன் முகம் மாறும் பாருங்கள், அதற்காகத்தான் நான் வருடா வருடம் வாசலில் நின்றேன்.

எண்ணிக்கையைக் குறைக்கப் பயப்பட வேண்டாம். 1894-ல் ஹங்கேரியில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஒரு போட்டி ஆரம்பித்தார்கள், இயற்பியலாளர் எத்வெஷ் பெயரில். மூன்றே கேள்வி. புத்தகம், நோட்டு எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து பார்த்து எழுதலாம். 1898-ல் அதில் ஜெயித்த பையன்தான் பின்னாளில் விமான அறிவியலில் பெரிய ஆளான தியோடர் ஃபான் கார்மன். 1925-ல் ஜெயித்தவர்களில் அணு விஞ்ஞானி எட்வர்ட் டெல்லர் ஒருவர். புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் விடை கிடைக்காத கேள்விதான் கேள்வி. உங்கள் 50-ல் எத்தனை அப்படித் தேறும் என்று ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

பாஸ்டன்_அம்மா

ஊர் கும்பகோணம் பக்கம், இப்போது மாசசூசெட்ஸ். மகள் ஹெச்எம்எம்டி என்கிற போட்டிக்குப் போகிறாள், ஹார்வர்டு, எம்ஐடி மாணவர்கள் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்துவது. 1998-ல் ஆரம்பித்தது, நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, பிப்ரவரிப் போட்டிதான் கடினம். தேற்றம் மேடம், அங்கே கேள்வி எடுப்பது, திருத்துவது, பிள்ளைகளை வழிகாட்டி ஹாலில் உட்காரவைப்பது எல்லாமே காலேஜ் பிள்ளைகள். பேராசிரியர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். உங்களிடம் ஆறு பேர்தான் என்று ஏன் சொல்கிறீர்கள்? எம்.எஸ்ஸி. மாணவர்கள் இல்லையா? அவர்களைக் கேள்வி எடுக்கச் சொல்லிப் பாருங்கள், ஸ்கூல் முடித்து நான்கைந்து வருடம்தான் ஆகியிருக்கும், எது அலுப்பு என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

காலையில் தனித்தனியாக எழுதுகிற தேர்வுகள், ஒவ்வொன்றிலும் பத்தே கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. பிறகு அணியாக உட்கார்ந்து எழுதுவது. ஆனால் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பேசுவது கடைசியில் வருகிற கட்ஸ் ரவுண்டு பற்றித்தான். 80 நிமிடம், 36 கேள்வி, மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். பிப்ரவரியில் நான்கு நான்காகக் கொடுப்பார்கள். அணியில் ஒரு பிள்ளை விடைத்தாளோடு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு அடுத்த நான்கை வாங்கிக்கொண்டு ஓடி வரும். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பிப் போய்த் திருத்த முடியாது. முன்னால் திரையில் எந்த அணி எத்தனை என்று மாறிக்கொண்டே இருக்கும். ஹால் முழுக்க ஓட்டம், எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்த நாள் மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது இது கணக்குப் போட்டியா விளையாட்டுப் போட்டியா என்று நினைத்தேன்.

கடைசிக் கட்டுக் கேள்விகளுக்கு யாராலும் துல்லியமாக விடை சொல்ல முடியாது. மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும், எவ்வளவு பக்கத்தில் வந்தோமோ அவ்வளவு மதிப்பெண். நீங்கள் ஒரு ஆழாக்கு அரிசியைக் கண்ணாடி டம்ளரில் வைத்து எத்தனை மணி என்று கேட்கலாம். யார் எண்ணுவது என்பது உங்கள் பாடு.

ஓரெண்_ஈரெண்

நான் எழுதிய கட்சி, இப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். திருத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது அக்கா. ஒலிம்பியாடுக்கு முதல் படியான ஐஓக்யூஎம் எழுதியிருக்கிறேன், அதில் 30 கேள்வி, மூன்று மணி நேரம், ஒவ்வொரு விடையும் 00-ல் இருந்து 99-க்குள் ஒரு முழு எண். நான்கில் ஒன்று இல்லாததால் குருட்டாம்போக்கில் அடிக்க முடியாது, திருத்துகிறவருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும், ஒரு தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண்ணும் 10 கேள்விக்கு 2, 10-க்கு 3, 10-க்கு 5 என்று ஏறும், மொத்தம் 100. அதனால் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ள மாட்டார்கள், சீட்டுக் குலுக்கவும் வேண்டாம்.

நீங்கள் 12 கேள்வி அப்படிக் கொடுங்கள், பிறகு இரண்டு கேள்வி விளக்கி எழுதச் சொல்லுங்கள். முதல் 12-ல் மேலே வந்த 25 பேருடைய விளக்கத்தை மட்டும் ஆறு பேர் சேர்ந்து படித்தால் போதுமே. இதை முன்னாடியே தாளில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும்.

பழகுவதற்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், சென்னையில் 1965-ல் இருந்து இருக்கிற இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்துகிற என்எம்டிசி தேர்வின் பழைய தாள்களைச் சொல்லலாம். ஒன்பது, பத்துக்கு பாஸ்கரா, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு ராமானுஜன் என்று வகுப்புவாரியாக இருக்கும். நான் எட்டாவதில் கப்ரேக்கர் தாள் எழுதி மூன்றே கேள்விதான் சரியாகப் போட்டேன். ஆனால் போடாத ஒன்றை அரையாண்டு லீவு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் பி.எஸ்ஸி. கணக்கு எடுத்ததற்குக் காரணம் என்று அப்பா இன்றைக்கும் திட்டுவார், இன்ஜினியரிங் சேர்க்க நினைத்தவர்.

தேற்றம்

எல்லோருக்கும் நன்றி. பழைய பேராசிரியர் ஐயா, கபடிக் கணக்கை இன்று எங்கள் துறை அறையில் கேட்டேன், ஆறு பேரில் நான்கு பேர் 36, 18 என்று இறங்கினார்கள், துறைத்தலைவர் உட்பட. அதற்குப் பிறகு அவரும் போன வருடத் தாளைப் பற்றிப் பேசவில்லை.

தேதி ஜனவரி, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, பேசி வாங்கிவிட்டேன். பிளஸ் டூவை விட முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்பதையும் பத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், சரி என்றேன். காலையில் 12 கேள்வி, விளக்கம் இரண்டு. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கு நாலு பேர் அணியாக ஓடுகிற சுற்று 40 நிமிடம், எம்.எஸ்ஸி. பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன், இப்போதே யார் ஆழாக்கு அரிசி எண்ணுவது என்று சண்டை. அவர்கள் ஓடுகிற நேரத்தில் நாங்கள் திருத்திவிடுவோம். கரும்பலகை சார், பேச்சாளர் ஒருவர்தான், பத்து நிமிடம்.

விளக்கக் கேள்வி ஒன்று முக்கோணம். இன்னொன்றை நானே எடுத்தேன், அந்தத் தேதி மார்கழிக்குள் வருகிறது என்பதால் தோன்றியது. காலையில் அம்மா வாசலில் புள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு அடியுங்கள்:

இடுக்குப் புள்ளிக் கோலத்தில் நடுவரிசையில் 3 புள்ளி, மேலே 2, கீழே 2 வைத்தால் மொத்தம் 7. நடுவில் 5, இரண்டு பக்கமும் 4, 3 என்று குறைந்து 3-ல் நிறுத்தினால் மொத்தம் 19. (அ) நடுவில் 15 வைத்து 8 வரை குறைத்தால் மொத்தம் எத்தனை? (ஆ) ஒற்றைப் புள்ளி 1, பிறகு 7, 19, 37 என்று இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். என்ன தெரிகிறது? ஏன்?

சும்மா_ஒருவன்

பையன்களுக்குக் கோலம் தெரியுமா?

கரும்பலகை

படம் போட்டுக் கொடுத்தால் போகிறது. என் வகுப்பில் ரெக்கார்டு நோட்டுக்குப் பூவேலை போடுகிறவனே ஒரு பையன்தான்.

பழைய_பேராசிரியர்

அருமை அம்மா. 1, 8, 27, 64. பிள்ளைகள் கன எண் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏன் என்பதில் திணறுவார்கள், அங்கேதான் நேரம் கொடுக்க வேண்டும். இயற்கணிதத்தில் போட்டு வந்தாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். ஆனால் கனசதுரத்தை ஒரு மூலையில் இருந்து நேராகப் பார்த்தால் மூன்று முகம் தெரியும் இல்லையா, அந்த மூன்று முகத்தில் இருக்கிற சின்னக் கட்டைகள்தான் உங்கள் கோலப் புள்ளிகள். அந்தக் கட்டைகளை உரித்து எடுத்துவிட்டால் உள்ளே ஒரு அளவு சின்னக் கனசதுரம் மிச்சம் இருக்கும், அதை உரித்தால் அடுத்தது, கடைசியில் ஒற்றைக் கட்டை. ரூபிக் க்யூப் ஒன்றை மேசையில் வைத்திருங்கள். தேர்வு முடிந்த பிறகு, முன்னால் இல்லை.

சும்மா_ஒருவன்

(அ) 169. சரியா?

தேற்றம்

சரி. எப்படி வந்தது என்று எழுதவில்லை, அதனால் பாதி மதிப்பெண்.